வாவியும் வான்வலையும்: பிரபஞ்சப் பேரமைப்பு ஆய்வு பற்றி ஒரு நோக்கு

மட்டக்களப்பு வாவியிலே மீனவர் வீசும் வலையில் இழை உண்டு. இழைகள் கூடுமிடத்தில் முடிச்சு உண்டு. முடிச்சுகளுக்கிடையே வெறுமையான கண் உண்டு. பிரபஞ்சத்தின் பேரமைப்பை ஆராயும் இன்றைய வானியலாளர் கண்டிருப்பதும் இத்தகையதொரு வலையமைப்பே. நமது பால்வீதி போன்ற விண்மீன்திரள்கள் வெளியெங்கும் சீராகப் பரவிக் கிடக்கவில்லை. அவை நீண்ட இழைகளாக அமைகின்றன. இழைகள் சந்திக்குமிடங்களிலே கொத்துகளாகவும் பெருங்கொத்துகளாகவும் செறிகின்றன. இடையிற் கிடப்பவை பெரும் வெற்றிடங்கள்.

இவ்வலையின் மிகப் பெரும் முடிச்சுகளுள் ஒன்றை 2017 யூலையிலே புனே ஆய்வாளர் ஜோய்தீப் பாக்சியும் அவர்தம் குழுவினரும் அறிவித்தனர். ‘சரஸ்வதி’ எனப் பெயரிடப்பட்ட அப்பெருங்கொத்து ஏறத்தாழ 400 கோடி ஒளியாண்டுத் தொலைவிலே, 60 கோடி ஒளியாண்டு அளவுக்கு விரிந்து கிடக்கின்றது. குறைந்தது 43 கொத்துகள் அதில் அடங்கும். மீனராசித் திசையில், வான நடுவரையை ஒட்டி அமைந்திருப்பதால், புரட்டாதி முற்பகுதி நள்ளிரவுகளில் அது மட்டக்களப்பின் உச்சிவானை அண்மித்தே கடக்கின்றது. ஆயின் வெறுங்கண்ணுக்குப் புலப்படாது.

மீனவரின் வலைக்கு அதைப் பின்னிய கை உண்டு. வான்வலைக்கு அத்தகைய கை இல்லை; அதற்கிருப்பது வரலாறே. 1,380 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய பிரபஞ்சத்தின் இளம் பருவத்திலே, சடப்பொருளின் அடர்த்தியில் இலட்சத்தில் ஒரு பங்களவான ஏற்றத்தாழ்வுகளே இருந்தன. கரும்பொருளின் ஈர்ப்பால் அவை மெல்ல வளர்ந்தே இன்றைய முடிச்சுகளாயின. இதனை ஏங்கெல்ஸ் கூறிய இயங்கியல் விதியின் நிரூபணமெனக் கொண்டாடுதல் மலினமான வாதமாகும். எனினும் இயற்கைக்கும் வரலாறு உண்டு என்ற அவரது அடிப்படை நோக்கு இங்கு வலுப்பெறுகின்றது என்பதை மறுத்தலும் இயலாது. பிரபஞ்ச விரிவை முடுக்கும் கருஞ்சக்திகூடக் காலப்போக்கில் நலிந்து வரலாம் என்ற ஐயத்தை 2025இல் வெளியான ‘டெசி’ ஆய்வுமுடிபுகள் வலுப்படுத்தியுள்ளன. அது இன்னும் முடிந்த முடிபன்று.

இவ்வறிவு எவ்வாறு உற்பத்தியாகின்றது என்பதும் நோக்கற்பாலது. சரஸ்வதியைக் கண்டறிய உதவிய தரவு, அமெரிக்காவின் நியூ மெக்சிக்கோவிலுள்ள தொலைநோக்கியால் நடத்தப்பட்ட ‘சுலோன்’ வான் அளவீட்டிலிருந்து பெறப்பட்டது. அங்கே துளையிட்ட அலுமினியத் தகடுகளில், தகடொன்றுக்கு 640 ஒளியிழைகளைத் தொழில்நுட்ப ஊழியர் கையாலேயே செருகினர். அளவீட்டின் பெயரோ ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனத் தலைவராயிருந்த சுலோன் நிறுவிய அறக்கட்டளைக்குரியது. மூலதனத்தின் பெயர் நிலைத்தது. இழை செருகிய கைகள் பெயரற்றுப் போயின. ஆயினும் அத்தரவு யாவர்க்கும் பொதுவாக வெளியிடப்பட்டமையாலேயே புனே ஆய்வாளர் இக்கண்டுபிடிப்பை நிகழ்த்த முடிந்தது.

தரவு பொதுவுடைமையாயினும் விளக்கம் அவ்வாறாகவில்லை. மீனராசிக்கு நாள்தோறும் பலன் கூறும் நம் பத்திரிகைகள், அதே திசையிலுள்ள பெருங்கொத்தைப் பற்றி எத்தனை முறை எழுதியுள்ளன? காரைதீவிலே பிறந்த விபுலாநந்த அடிகள் விஞ்ஞானம் கற்றுத் தமிழ்ப் பேராசிரியரானவர். 1930களிலே தமிழ்க் கலைச்சொல்லாக்கப் பணிக்குத் தலைமை தாங்கியவர். அப்பணியை வெறும் மொழிப்பற்றாகக் காணுதல் குறைநோக்காகும். அறிவை உழைக்கும் மக்களுக்கு உரித்தாக்கும் முயற்சியின் ஒரு படியாகவே நாம் அதனை மதிப்பிடுதல் வேண்டும். இழை, முடிச்சு, கண் என்னும் சொற்கள் வாவிக்கரையிலே ஏற்கெனவே உள்ளன. அவற்றைக் கொண்டு வானை விளக்கும் கடமை தமிழ் கற்றோராகிய நம்முடையதே.