கருவாட்டில் ஏறும் செந்நிறம்

பிரிக்பீல்ட்ஸ் மளிகைக் கடையிலோ கிள்ளான் தெங்கு கெலானா சாலையிலோ கருவாடு வாங்கும்போது வயிற்றுப் பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். அங்கே இளஞ்சிவப்பாக, தொட்டால் பிசுபிசுக்கும் படலம் தெரிந்தால் அந்தத் துண்டை வாங்காதீர்கள். அது சாயமும் இல்லை, இரத்தக் கறையும் இல்லை. உப்பில்லாமல் உயிர் தரிக்க முடியாத நுண்ணுயிர்க் கூட்டம் அது.

மீனைக் கெடுக்கும் சாதாரண பாக்டீரியாவின் உடலிலிருந்து நீரை வெளியே இழுத்து, அதை முடக்கிப்போடுவதுதான் உப்பின் வேலை. இந்தச் சிவப்பு உயிர்களிடம் அது பலிக்காது. வெளியே சோடியம் உப்பு எவ்வளவு செறிவோ, அதற்கு ஈடாக உடலுக்குள் பொட்டாசியம் உப்பை நிரப்பி வைத்திருக்கின்றன. நீர் வெளியேற வழியில்லை. ஆனால் உப்புக்கு இவ்வளவு பழகியதால் அவற்றின் புரதங்களும் உப்பு இருந்தால்தான் உருக்குலையாமல் நிற்கும். கடல்நீரின் 3.5 சதவீதம் போதவே போதாது. 20 முதல் 25 சதவீதம் இருந்தால் செழிக்கும். நல்ல தண்ணீரில் விட்டால் செல்லின் சுவர் குலைந்து வெடித்துவிடும்.

1922இல் கனடாவில் ஹாரிசன், கென்னடி இருவரும் சிவந்துபோன காட் மீன் கருவாட்டில் கண்டு விவரித்த உயிரைத்தான் இன்று ஹாலோபாக்டீரியம் சலினாரம் என்கிறோம். இது ஆர்க்கியா என்ற தனிக் கிளையைச் சேர்ந்தது. என்னை மிகவும் வியக்க வைப்பது இது உயிர்வாழும் முறைதான். உப்பு ஏற ஏற நீரில் கரையும் ஆக்சிஜன் குறையும். அப்போது இது வெயிலை நம்பத் தொடங்குகிறது. அதுவும் பச்சையமே இல்லாமல்! 1971இல் ஓஸ்டர்ஹெல்ட்டும் ஸ்டோக்கினியஸும் இதன் ஊதாநிறச் சவ்வில் பாக்டீரியோரொடாப்சின் என்ற புரதத்தைக் கண்டறிந்தார்கள். ஒளி பட்டதும் அது புரோட்டான்களைச் செல்லுக்கு வெளியே தள்ளும். அவை திரும்பி உள்ளே பாயும் வேகத்தில் செல்லுக்கு ஆற்றல் கிடைக்கிறது. அந்தப் புரதத்தில் ஒளியை வாங்கிக்கொள்ளும் ரெட்டினால்தான் நம் விழித்திரையிலும் ஒளியை வாங்குகிறது.

இவை கருவாட்டுக்கு எப்படி வந்தன? உப்போடுதான். தூத்துக்குடி போன்ற இடங்களில் உப்பளப் பாத்தி முற்றி உப்பு விளையும் நேரத்தில் நீர் சிவப்பதைப் பார்த்திருப்பீர்கள். விளையும் ஒவ்வொரு கல்லும் சிறு சிறு நீர்த்துளிகளைத் தனக்குள் அடைத்துக்கொள்கிறது. அந்தத் துளிகளில் இவை உயிரோடு கிடக்கும். அந்த உப்பை மீனில் தேய்த்தால் விதைத்தது மாதிரிதான். கிள்ளான் பள்ளத்தாக்கின் ஈரக் காற்றில் கருவாட்டு உப்பு கசியும். 30 டிகிரியைத் தாண்டும் பகல் வெப்பமும் சேர்ந்தால் சிவப்பு படரும். வாங்கியதை இறுக மூடிக் குளிர்பெட்டியில் வையுங்கள். குளிரில் இவை பெருகாது. சிவந்தபின் தண்ணீரில் ஊறவைத்தால் உயிர்கள் சாகும்தான். ஆனால் அதற்குள் அவை மீன் சதையைச் சிதைத்திருக்கும்.