தக்காளி ஒட்டு நாற்றில் காயம் பொருந்தும் விதம்

காலையிற் செழித்து நின்ற தக்காளிச் செடி, இலை மஞ்சளாகாமலே நண்பகலில் துவண்டு, சில நாட்களில் மடிவதைக் கமக்காரர் பலர் கண்டிருப்பீர்கள். அடித்தண்டை வெட்டி, தெளிந்த நீருள்ள கண்ணாடிக் குவளையில் தொங்கவிட்டுப் பாருங்கள். வெட்டுவாயிலிருந்து பால் போன்ற இழைகள் இறங்குமாயின் அது பற்றீரியா வாடல் நோயாகும். கிருமி மண்ணிலிருந்து வேர்வழியாகப் புகுந்து, நீர் செல்லும் குழாய்களை அடைத்துவிடுகின்றது. நோய் கண்ட செடியைக் குணமாக்க மருந்து இல்லை. ஆகவே, நோயைத் தாங்கும் கத்தரியின் வேர்ப்பகுதியில் தக்காளியின் தலைப்பகுதியை ஒட்டி நடும் முறை கையாளப்படுகின்றது. தைவானிலுள்ள உலக மரக்கறி நிலையம் இதற்கு ஈ.ஜீ. 203 என்னும் கத்தரியினத்தைச் சிபாரிசு செய்துள்ளது.

இரு வேறு செடிகள் ஒன்றாவது எங்ஙனம்? நாம் மாட்டும் இறப்பர்க் குழாய் அவற்றை அசையாது பிடித்திருக்கின்றது, அவ்வளவே. ஒட்டும் வேலையைச் செய்பவை கலங்களாம்.

குருத்தில் உண்டாகும் ஒட்சின் என்னும் வளர்ச்சிப் பொருள் தண்டுவழியே ஓயாது கீழிறங்கும். வெட்டியதும் அவ்வோட்டம் தடைப்படுகின்றது. வெட்டுக்கு மேலே ஒட்சினும் சீனியும் தேங்குகின்றன, கீழே குறைகின்றன. இங்கே மேற்பார்வை செய்வார் எவருமிலர். ஆயினும் ஒவ்வொரு கலமும், தன்னிடம் வந்து தேங்கியதையும் வராது நின்றதையும் கொண்டே, தான் நிற்கும் பக்கத்துக்கேற்ற வேலையைத் தொடங்குகின்றது. வெட்டுவாய்க் கலங்கள் பிரிந்து பெருகி, மென்மையான கலத்திரளால் இடைவெளியை நிரப்புகின்றன. பின்னர், ஒட்சின் இறங்கும் வழியிலுள்ள கலங்கள் குழாய்களாக மாறுகின்றன. ஆராய்ச்சியாளர் பெரிதும் பயன்படுத்தும் அராபிடொப்சிசு என்னும் சிறு செடியில், உணவு செல்லும் உரியம் ஏறத்தாழ 3 நாளிலும், நீர் செல்லும் காழ் ஏறத்தாழ 7 நாளிலும் இணைவதைக் கண்டுள்ளனர்.

இம்முறைவரிசையை நன்கு கவனியுங்கள். நீர்க் குழாய் பிந்தியே இணைகின்றது. அதுவரை தலைப்பகுதிக்கு வேரிலிருந்து போதிய நீர் கிடையாது. ஒட்டிய நாற்றை நிழலில், பொலித்தீன் மூடிய கூட்டுக்குள், காற்றின் ஈரப்பதன் 85 வீதத்துக்குக் குறையாமல் ஒரு வாரமளவில் வைக்கச் சொல்வது இதனாலேயே. நான்காம் நாளில் இலை பசுமையாயிருப்பதைக் கண்டு மூடியை அகற்றி வெயிலில் வைத்தால், அன்று பிற்பகலே தலை சாயும். வாரம் கழிந்த பின்னும் மூடியைச் சிறிது சிறிதாகவே திறத்தல் வேண்டும்.

கத்தரி விதையைத் தக்காளிக்கு 3 நாள் முந்தி இடுக. இரண்டு மூன்று இலைகள் விட்டதும், ஒத்த தடிப்புள்ள தண்டுகளைத் தெரிந்து, புதிய சவர அலகினால் ஒரே சரிவாக ஒரே இழுப்பில் வெட்டுக. நசுங்கிய கலம் பிரியாது. தடிப்பு வேறுபட்டால் குழாய்கள் நேர்ப்படா. மிளகாயும் இக்குடும்பத்ததே எனச் சிலர் அதில் ஒட்டிப் பார்ப்பதுண்டு. தக்காளி முதலிற் பிடித்தது போலிருந்து, குழாய்கள் செவ்வனே இணையாமையாற் பின்னர் குன்றிவிடும்.

நடும்பொழுது ஒட்டு மண்ணுக்கு மேலேயே நிற்க வேண்டும். மண் தொட்டால் தக்காளித் தண்டின் கலங்கள் புதிய வேர் விடும். கிருமிக்கு அதுவே வாயிலாகும். மண் அணைக்கும்போதும் இதனை நினைவிற் கொள்க. ஒட்டுக்குக் கீழே கத்தரித் தளிர் தோன்றின் உடனே கிள்ளிவிடுக.