ஏழாயிரம் கல், ஏழாயிரம் மரம்

இயற்கைக்கு நாம் இழைத்த கேட்டைக் காட்டும் கலைக்கு இன்று உலகெங்கும் மேடை கிடைக்கிறது. 2015 டிசம்பரில் பாரிஸில் பருவநிலை மாநாடு நடந்தபோது, கலைஞர் ஓலாஃபர் எலியாசனும் புவியியலாளர் மினிக் ரோசிங்கும் கிரீன்லாந்திலிருந்து 12 பனிப்பாளங்களைக் கொண்டுவந்து பாந்தியோன் சதுக்கத்தில் வட்டமாக வைத்தார்கள். மக்கள் தொட்டுப் பார்த்தார்கள், படம் எடுத்தார்கள், பாளங்கள் உருகித் தீர்ந்தன. அந்த முயற்சியின் நேர்மையில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால், பார்க்க வந்தவரிடம் அது கேட்டது வருத்தத்தை மட்டுமே. வருத்தம் வீடு போய்ச் சேருவதற்குள் ஆறிவிடும். பார்வையாளர் தலையில் ஒரு வேலையைச் சுமத்தும் கலைதான் அதைவிட வலியது என்பேன்.

ஜெர்மனியின் காசல் நகரம் அதற்குச் சான்று. இரண்டாம் உலகப்போரின் குண்டுவீச்சில் நொறுங்கி, பிறகு கான்கிரீட்டும் அகலச் சாலைகளுமாக எழுந்த ஊர் அது. 1982இல் அங்கே நடந்த டாக்குமென்டா கலை விழாவுக்குக் கலைஞர் யோசப் பாய்ஸ் 7,000 பசால்ட் கற்தூண்களைக் கொண்டுவந்து, நகரின் நடுச் சதுக்கத்தில் மலைபோல் குவிக்கச் செய்தார். நிபந்தனை ஒன்றுதான்: குவியலிலிருந்து ஒரு கல்லை எடுக்க வேண்டுமென்றால், ஊரில் எங்காவது ஒரு மரம் நட்டு, அதன் பக்கத்தில் அந்தக் கல்லை ஊன்ற வேண்டும். சதுக்கத்தின் அழகு கெட்டது என்று பலர் கொதித்தார்கள். வண்டி நிறுத்த இடம் போகிறது என்றும் சண்டை நடந்தது. அந்தக் கோபத்திலும் பயன் இருந்தது. மிச்சமிருந்த ஒவ்வொரு கல்லும், நடப்படாத ஒரு மரத்தின் கணக்காக எல்லார் கண்ணிலும் பட்டுக்கொண்டே இருந்தது. கல் குறைய வேண்டுமானால் ஊரார்தான் மண்ணைத் தோண்ட வேண்டும்.

இது நகராட்சி செய்யவேண்டிய மரநடுகை, இதில் கலை எங்கே என்று கேட்பார்கள். பதில் அந்தக் கல்லில் இருக்கிறது. நட்ட நாளில் கன்றைவிடக் கல்தான் எடுப்பாகத் தெரியும். ஆண்டுகள் போகப்போகக் கல் அப்படியே நிற்க, மரம் அதை மீறி வளரும். வளர்ச்சியையும் காலத்தையும் கண்ணால் அளக்கும்படி அமைத்தது கலைஞரின் கைவேலை. ஏழாயிரம் மரம் பருவநிலையை மாற்றிவிடுமா என்பது இன்னொரு கேள்வி. மாற்றாது. ஆனால் ஒரு நகரம் தன் தெருக்களில் மரத்துக்கு இடம் விட வேண்டுமா என்ற வழக்கை அது மக்கள் முன் வைத்தது, இடமும் வாங்கித் தந்தது. கல் வெட்டியதும் இயற்கையைச் சுரண்டியதுதானே, பணத்துக்காகப் பாய்ஸ் ஜப்பானிய விஸ்கி விளம்பரத்தில் தோன்றவில்லையா என்று குற்றம் சொல்வோரும் உண்டு. இரண்டும் உண்மை. கறைபடாத கைகளுக்காகக் காத்திருந்தால் ஒரு கன்றும் மண்ணில் இறங்கியிருக்காது.

பாய்ஸ் 1986 ஜனவரியில் இறந்தார். வேலை நிற்கவில்லை, 1987இல் அடுத்த டாக்குமென்டா தொடங்கியபோது அவர் மகன் வென்ட்செல் கடைசி மரத்தை நட்டார். பட்டுப்போன மரத்துக்குப் பதில் புதுக்கன்று வைப்பது இன்றும் நடக்கிறது. சூழலியல் கலைக்குப் பணம் கொடுப்பவர்கள் திறப்பு விழாச் செலவைக் கேட்கும் முன், அடுத்த முப்பது ஆண்டுகளுக்கு யார் தண்ணீர் ஊற்றுவார்கள் என்று கேட்க வேண்டும்.