இலவசக் கண் சிகிச்சையும் நோயாளியின் உரிமையும்

பழனி வட்டத்து நெய்க்காரப்பட்டி போன்ற ஊர்களில், கண்புரை முற்றிய முதியவர் பலருக்கு இலவச முகாமே சிகிச்சையின் வாசல். முகாமில் பரிசோதனை நடைபெறும். அறுவையோ நகரத்து மருத்துவமனையில். அதற்குமுன் ஒரு படிவத்தில் கையொப்பம் அல்லது பெருவிரல் ரேகை பெறப்படும். அந்த ரேகை எதற்கு ஒப்புதல் தருகிறது? காசு கொடாதவருக்குக் கேள்வி கேட்கும் உரிமை உண்டா?

இனாமாகக் கிடைத்ததில் குறை காணலாகாது என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. சட்டம் அதனை ஏற்கவில்லை. 1986இல் உத்தரப் பிரதேசத்தின் குர்ஜாவில் அரிமா சங்கம் நடத்திய முகாமில் 88 பேருக்குப் புரை அறுவை செய்யப்பட்டது. 84 பேரின் கண்கள் நிரந்தரமாகப் பழுதடைந்தன. அறுவையின்போது கண்ணில் பயன்படுத்திய உப்புக் கரைசல் மாசுபட்டிருந்ததே காரணமெனக் கண்டறியப்பட்டது. ஏற்கெனவே வழங்கப்பட்ட 5,000 ரூபாயுடன், மேலும் 12,500 ரூபாயை ஒவ்வொருவருக்கும் அளிக்குமாறு 1989இல் உச்ச நீதிமன்றம் மாநில அரசைப் பணித்தது. பறிபோன கண்ணுக்கு 17,500 ரூபாய்! தொகை அற்பமே, எனினும் முகாமின் நன்னோக்கம் கவனக்குறைவுக்குக் கேடயமாகாது என்பது அங்கே நிலைநாட்டப்பட்டது. மருத்துவமனைக் கட்டடத்திற்குள் அறுவை செய்வதாலேயே ஆபத்து நீங்கிவிடாது என்பதை, 2008இல் பெரம்பலூரில் அறுவைக்குப் பின் பார்வையிழந்த 66 பேர் நமக்கு உணர்த்தினர்.

1995ஆம் ஆண்டின் சாந்தா வழக்குத் தீர்ப்பு இன்னும் நுட்பமானது. எல்லோருக்கும் முற்றிலும் இலவசமாகச் சிகிச்சையளிக்கும் நிலையம் நுகர்வோர் சட்டத்தின் வரம்பிற்குள் வராது. அதன்மீது உரிமையியல் நீதிமன்றத்தில்தான் வழக்காட இயலும். சிலரிடம் கட்டணம் பெற்றுச் சிலருக்கு இலவசமாகச் செய்யும் மருத்துவமனையிலோ இலவச நோயாளியும் நுகர்வோரே. மதுரையில் 1976இல் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, கட்டண வருவாயைக் கொண்டே ஏழைகளுக்கும் சிகிச்சையளிக்கும் முறையை உலகறியச் செய்தது. அம்முறை பரவிய நம் வட்டாரத்தில் இத்தீர்ப்பின் கனம் பெரிது.

கண் மருத்துவரைச் சட்டத்தின் கண்காணிப்பில் வைப்பது இஸ்லாமிய நாகரிகத்திற்குப் புதிதன்று. கி.பி. 12ஆம் நூற்றாண்டில் சிரியாவின் அஷ்ஷைஸரீ, சந்தை மேற்பார்வையாளரான முஹ்தஸிபுக்கு எழுதிய கையேட்டில், கண் மருத்துவர்களை ஹுனைன் இப்னு இஸ்ஹாக்கின் கண் நூலிலிருந்து வினவித் தேர்ந்த பின்னரே தொழில் செய்ய விடுமாறு கூறுகிறார். ஹுனைன் ஒரு கிறிஸ்தவர் என்பது எவருக்கும் தடையாக இருக்கவில்லை. ஊர் ஊராகத் திரியும் கண் வைத்தியர்மீது அஷ்ஷைஸரீக்குச் சிறிதும் நம்பிக்கையில்லை.

இனி அந்தப் பெருவிரல் ரேகைக்கு வருவோம். சிகிச்சையின் தன்மை, ஆபத்து, மாற்று வழி ஆகியவற்றை நோயாளி அறிந்து தருவதே ஒப்புதல் என்று சமீரா கோலி வழக்கில் 2008இல் உச்ச நீதிமன்றம் வரையறுத்தது. படித்துக் காட்டப்படாத படிவத்தில் இட்ட ரேகை இந்த வரையறைக்குள் அடங்குமா என்பதை முகாம் நடத்தும் ஜமாஅத்தினரும் சங்கத்தினரும் எண்ணிப் பார்க்க வேண்டும். மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு நன்னடத்தை விதிகளின்படி, உள்நோயாளியின் குறிப்புகளை 3 ஆண்டுகள் பாதுகாத்தல் வேண்டும். நோயாளியோ அவர் அதிகாரமளித்தவரோ கேட்டால் 72 மணி நேரத்திற்குள் தருதல் வேண்டும். இலவச நோயாளி, கட்டண நோயாளி என்ற பாகுபாடு அவ்விதியில் இல்லை.