பாலரும் முதியோரும் மனநோய் மருந்துகளும்

சென்ற கோடை விடுமுறையில் எம் உறவினர் இல்லமொன்றுக்குச் சென்றிருந்தோம். அவ்வீட்டுப் பெரியவருக்கு வயது 78. அதுகாறும் நாடோறும் பத்திரிகை வாசித்து, வீட்டு வரவு செலவுக் கணக்கைத் தாமே எழுதிவந்தவர், ஒரு வாரமாக இரவில் எழுந்து, காலஞ்சென்ற தம் தமையனாரைக் கூவியழைக்கவும், சுவரெல்லாம் எறும்பு ஊர்கின்றதெனச் சொல்லவும் தலைப்பட்டார். சித்தம் கலங்கிவிட்டதென்றே வீட்டார் துணிந்தனர். அழைத்துச் சென்ற மருத்துவரோ நோயைப்பற்றி வினவுமுன், "வீட்டில் இவர் உண்ணும் மாத்திரைகளையெல்லாம் ஒரு பையிலிட்டுக் கொண்டுவாருங்கள்" என்றார். உறக்கத்துக்கென ஆண்டுக்கணக்காக விழுங்கிவந்த டயாஸெபாம், கால் எரிச்சலுக்கென வேறொருவர் எழுதிக்கொடுத்த அமிட்ரிப்டிலின், ஜலதோஷத்துக்குக் கடையிற் கேட்டு வாங்கிய குளோர்பெனிரமின் ஆகிய மூன்றும் அப்பையில் இருந்தன. பின்னிரண்டும் உடனே நிறுத்தப்பட்டன. முன்னது சிறிது சிறிதாகக் குறைக்கப்பட்டது. பத்து நாளிற் பெரியவர் மீண்டும் கணக்குப் புத்தகத்தைக் கேட்டார்.

இதனைக் கண்ட நாள் முதல், மருந்தொன்றே வயதுக்கேற்ப அமுதாகவும் நஞ்சாகவும் மாறுவது எங்ஙனம் என்பதை ஆராயும் அவா எமக்கு உண்டாயிற்று. உட்கொண்ட மருந்தைச் சிதைப்பது ஈரல், வெளியேற்றுவது சிறுநீரகம். முதுமையில் இவ்விரண்டும் தளர்கின்றன. அன்றியும், தசை குறைந்து கொழுப்பின் பங்கு மிகுகின்றது. டயாஸெபாம் கொழுப்பிற் கரைந்து தங்கும் இயல்பினது. 20 வயதினர் உடலில் ஏறத்தாழ 20 மணி நேரத்திற் பாதியாகும் அம்மருந்து, 80 வயதில் அங்ஙனம் பாதியாவதற்கு ஏறத்தாழ 90 மணி நேரம் கொள்ளும். ஆகவே நேற்றைய மாத்திரையின் மேல் இன்றைய மாத்திரை ஏறிக்கொண்டேபோம். மற்றிரண்டு மருந்துகளோ, நினைவுக்கு இன்றியமையாத அசிடைல்கோலின் என்னும் மூளைப்பொருளின் தொழிலைத் தடுப்பன. அப்பொருள் முதியோரிடத்து முன்னமே குறைந்திருக்குமாதலின், இளையோர்க்குச் சிறு மயக்கமளவில் ஒழிவது, முதியோர்க்குப் பெரும் பிதற்றலாக முடிகின்றது. முதியோர்க்கு ஆகாத இத்தகைய மருந்துகளின் பட்டியலொன்றை மார்க் பியர்ஸ் என்னும் அமெரிக்க மருத்துவர் 1991-ல் வகுத்தனர். அது காலந்தோறும் திருத்தப்பெற்று இன்றும் கையாளப்படுகின்றது.

1949-ல் ஆஸ்திரேலிய நாட்டு ஜான் கேட் மனவெழுச்சி நோய்க்கு உதவுமெனக் கண்டுணர்த்திய லித்தியமும் இவ்வகையிற் கவனத்துக்குரியது. அது முழுவதும் சிறுநீரகத்தாலேயே கழிவது. முதியவர் ஒருவர் வயிற்றுப்போக்கால் நீர் வற்றினாலும், மூட்டு நோவுக்கென ஐபுப்ரோபன் உண்டாலும், முன்பு தக்கதாயிருந்த அளவே நஞ்சாகிவிடும்.

இனிப் பாலரைக் காண்போம். சிறுவரைப் பெரியோரின் சிறு பதிப்பு எனக் கருதி மருந்தைப் பாதியாக்கிக் கொடுத்தல் பிழையாம். எடைக்கு எடை நோக்கின், சிறுவரது ஈரல் பல மருந்துகளைப் பெரியோரினும் விரைவாகச் சிதைக்கின்றது. வளரும் மூளையோ அம்மருந்துக்கு வேறுவிதமாக விடை தருகின்றது. இத்துறையின் பழைய கதையொன்று சுவையானது. அமெரிக்காவில் ரோட் ஐலண்டு மாகாணத்தில், மனக்கோளாறுற்ற சிறுவர்க்கென 1931-ல் பிராட்லி இல்லம் திறக்கப்பட்டது. ஆங்கு மூளையைப் படம்பிடித்தற்பொருட்டு முதுகுத்தண்டின் நீரை எடுத்தமையாற் சிறுவர்க்குக் கடுந்தலைவலி உண்டாயிற்று. அதனைத் தணிக்கக் கருதி சார்ல்ஸ் பிராட்லி என்னும் மருத்துவர் பென்ஸெட்ரின் என்னும் கிளர்ச்சி மருந்தைக் கொடுத்தார். தலைவலி தணிந்திலது, ஆனால் ஓரிடத்தில் நில்லாது திரிந்த சிறுவர் பலர் அமைதியுற்றுப் பாடத்திற் கருத்தூன்றலாயினர். 1937-ல் அவர் வெளியிட்ட அறிக்கையின்படி, 30 சிறுவருள் 14 பேர் படிப்பில் வியக்கத்தக்க மாறுதல் எய்தினர். சிறுவர்களே அதனைக் கணக்கு மாத்திரை என்றழைத்தனராம்! கணக்கில் இடர்ப்படும் நம் நண்பர்கள் ஆவலுற வேண்டா. இது குறும்புக்கோ சோம்பலுக்கோ உரிய மருந்தன்று. கிளர்ச்சி மருந்து அமைதி தருவது முரணாகத் தோன்றினும், தன்னை அடக்கியாளும் மூளையின் முன்பகுதிக்கு அது வலுவூட்டுகின்றது என்பர். அதன் வழிவந்த மெதில்பெனிடேட்டே இன்று கவனக்குறைவு நோய்க்குப் பெரிதும் வழங்கப்படுகின்றது. அது பசியையும் உறக்கத்தையும் குறைக்குமாதலின், உண்ணும் சிறுவரின் உயரமும் எடையும் தவறாது அளக்கப்படல் வேண்டும்.

மனச்சோர்வு மருந்துகளின் செய்தி இன்னும் நுட்பமானது. 24 சோதனைகளில் ஈடுபட்ட 4,400-க்கு மேற்பட்ட இளையோரின் விவரங்களை ஆராய்ந்தபோது, வெறும் மாத்திரை உண்டவருள் நூற்றுக்கு 2 பேரிடத்துத் தோன்றிய தற்கொலை எண்ணமும் முயற்சியும், மருந்து உண்டவருள் 4 பேரிடத்துத் தோன்றின. அச்சோதனைகளில் எவரும் உயிர் துறந்திலர். ஆயினும் 2004-ல் அமெரிக்க மருந்து ஆணையம் அம்மருந்துகளின் விவரக் குறிப்பிற் கடும் எச்சரிக்கை பொறிக்கச் செய்தது. 2007-ல் அதனை 24 வயது வரை நீட்டித்தது. பெரியோரின் விவரங்களை நோக்கிய மற்றோர் ஆராய்ச்சி, 65 வயது கடந்தாரிடத்து அவ்வெண்ணம் குறைவதாகவும் காட்டிற்று. இக்கல்லூரியிற் பயில்வோர் ஏறக்குறைய அனைவரும் அவ்வயதெல்லைக்கு உட்பட்டவரே. இது கேட்டு மருந்தையே வெறுத்தல் தகாது. 2004-ல் வெளியான மற்றொரு சோதனையில், 12 முதல் 17 வயதுக்குட்பட்ட 439 பேருள், புளுவாக்ஸெடினும் உளவழி உரையாடற் சிகிச்சையும் ஒருங்கே பெற்றோரில் நூற்றுக்கு 71 பேர் நலமடைந்தனர். வெறும் மாத்திரை பெற்றோரில் 35 பேரே. எச்சரிக்கையின் பொருள் யாதெனில், மருந்து தொடங்கிய முதற் சில வாரங்களிலும், அளவு மாறும்பொழுதும், அருகிலிருப்போர் அவ்விளைஞரை விழிப்புடன் நோக்கி, பதற்றமோ உறக்கமின்மையோ மிகுந்தால் உடனே மருத்துவர்க்குத் தெரிவித்தல் வேண்டும் என்பதே. விடுதியில் உடன் உறையும் நண்பனே பலகால் அருகிலிருப்பவன். தானாக மருந்தைச் சட்டென நிறுத்துதலும் தீங்கே.

அதே மருந்துகள் முதியோரிடத்து வேறொரு தொல்லை தரும்; இரத்தத்திற் சோடியம் குறைந்து தடுமாறி விழச் செய்யும். இறுதியாக, மறதிநோயுற்ற முதியோர் கூச்சலிடுதல் கண்டு அவரை அடக்கக் கொடுக்கும் மருந்துகளைப்பற்றிச் சிறிது கூறுவோம். 17 சோதனைகளை ஆராய்ந்த அமெரிக்க ஆணையம் 2005-ல், இத்தகையோர்க்குப் புதுவகைச் சித்தப்பிரமை மருந்துகள் கொடுக்குமிடத்து, மரணம் ஏறத்தாழ 1.6 மடங்காகின்றது என அறிவித்தது. அவற்றை நாடுமுன், பல்வலி உண்டா, மலச்சிக்கல் உண்டா, சிறுநீரில் நோய்க்கிருமி உண்டா, காதுக்கருவி பழுதுற்றதா எனத் தேடிப் பார்க்கும்படி மருத்துவர் இன்று கூறுகின்றனர். தமக்கு வலிக்கின்றது என்பதைச் சொல்லும் சொல் அவர்க்கு மறந்துபோயிருக்கலாம்.