சிக்கனமாய் ஒரு காமிரா

சென்ற ஆண்டு ஆய்வுப் பணியின் பொருட்டு ஒரு நெசவாளர் சங்கத்திற்குச் சென்றிருந்தோம். சங்கம் தோன்றிய காலத்திலிருந்து அங்கத்தினராக இருந்தவரும், இருமுறை தலைவராகப் பணியாற்றியவருமான முதியவர் ஒருவர் அதற்கு முந்தைய வாரத்தில் காலமாகியிருந்தார். அவருடைய படத்தை அலுவலகத்தில் மாட்டுவதென்று நிர்வாகக் குழு தீர்மானித்திருந்தது. தேடிப் பார்த்ததில் அகப்பட்டது அங்கத்தினர் அட்டையில் ஒட்டியிருந்த தபால்தலையளவுப் படம் ஒன்றே. அதைப் பெரிதாக்கியபொழுது முகம் புகைபடிந்தாற்போல் ஆகிவிட்டது. ஐம்பது ஆண்டுகள் தறியில் அமர்ந்தவரைத் தறியோடு காட்டும் படம் ஒன்றுகூட அவ்வூரில் இல்லை.

அதே தெருவில் நல்ல காமிரா வைத்திருந்த இளம் அங்கத்தினர் ஒருவரும் இருந்தார். படமெடுப்பதில் ஆர்வமுடையவர். ஏன் எடுக்கவில்லை என்று கேட்டோம். "வீட்டுக்குள் எடுத்தால் இருட்டாகவும் கலங்கலாகவும் வருகிறது, சார். நல்ல லென்ஸ் வாங்கப் பணமில்லை. காமிரா பீரோவில்தான் இருக்கிறது" என்றார். காமிராவுக்காக அவர் செலுத்திய தவணைகளோ அப்பொழுதுதான் முடிந்திருந்தன.

இவரைப் போன்ற அன்பர்கள் ஊருக்கு ஒருவரேனும் இருப்பர். குறைந்த செலவில் நல்ல படம் எடுக்க எதற்குப் பணம் வேண்டும், எதற்கு வேண்டுவதில்லை என்பதை அவர்கள் பொருட்டு இங்கே விளக்க முற்படுகிறோம்.

லென்ஸின் வாயில்

வீட்டினுள் எடுத்த படம் ஏன் கலங்குகிறது? பெரும்பாலும் காமிராவின் குற்றமன்று. ஒளி போதாமையே காரணம். ஒளி குறைந்தால், வேண்டிய அளவு ஒளி சேரும்வரை ஷட்டர் நெடுநேரம் திறந்திருக்க வேண்டும். அதற்குள் நம் கை நடுங்குகிறது. நாடாவை எறியும் நெசவாளியின் கையும் நகர்ந்துவிடுகிறது. ஐ.எஸ்.ஓ. எண்ணை உயர்த்தினால் நேரத்தைக் குறைக்கலாம். ஆனால் மிக உயர்த்தினால் படத்தில் புள்ளிகள் தோன்றும்.

ஒளி புகும் வாயிலை 'எஃப்' என்னும் எண்ணால் குறிப்பர். லென்ஸின் குவிய தூரத்தை வாயிலின் விட்டத்தால் வகுத்தால் கிடைப்பதே அவ்வெண். 50 மி.மீ. லென்ஸில் வாயில் 25 மி.மீ. ஆனால் எஃப் 2. ஆகவே எண் சிறியதாயின் வாயில் பெரியது என்பதை நினைவிற்கொள்க.

காமிராவோடு சேர்த்து விற்கப்படும் 18-55 மி.மீ. லென்ஸில், 55-இல் வைத்தால் பெரும்பாலும் எஃப் 5.6 வரையே திறக்க இயலும். அதாவது வாயில் 10 மி.மீ.க்கும் சற்றுக் குறைவு. எஃப் 1.8 உடைய 50 மி.மீ. லென்ஸில் அது ஏறத்தாழ 28 மி.மீ. பரப்பைக் கணக்கிட்டு ஒப்பிட்டால் பின்னது ஏறத்தாழ எட்டு மடங்கு ஒளியை உள்ளே விடுகிறது. முன்னதில் ஒரு விநாடியின் பதினைந்தில் ஒரு பங்கு நேரம் பிடிக்கும் படத்தைப் பின்னதில் நூற்றிருபத்தைந்தில் ஒரு பங்கு நேரத்தில் எடுத்துவிடலாம். விலையுயர்ந்த புதிய காமிரா வாங்கினாலும், பழைய லென்ஸே அதன்முன் நிற்குமாயின், இந்தப் பயன் கிட்டாது.

எதை வாங்குவது?

தொலைவை மாற்றவியலாத, ஒரே குவிய தூரமுடைய லென்ஸ்கள் அமைப்பில் எளியவை. ஆதலால் விலையும் குறைவு. எஃப் 1.8 அளவில் 50 மி.மீ. அல்லது 35 மி.மீ. லென்ஸ் ஒன்று தொடக்கத்திற்குப் போதுமானது. இரண்டில் எது என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. 36க்கு 24 மி.மீ. அளவுள்ள பெரிய ஒளியுணர் தகட்டுக் காமிராவில் 50 மி.மீ. இயல்பான பார்வையைத் தரும். நம்மில் பலரிடம் இருக்கும் காமிராக்களில் தகடு சிறியது. அவற்றில் 50 மி.மீ. லென்ஸ் 75 அல்லது 80 மி.மீ. போல் குறுகிய பார்வையையே தரும். முகங்களை எடுக்க அது மிக நன்று. ஆனால் தறிவீட்டில் பின்னுக்கு நகர்ந்து நகர்ந்து முதுகு சுவரில் முட்டிவிடும். அவ்விடத்திற்கு 35 மி.மீ. ஏற்றது.

வாங்குமுன் காசு செலவின்றிச் சோதிக்கலாம். கையிலுள்ள 18-55 லென்ஸை 35-இல் வைத்து ஒரு வாரம், 50-இல் வைத்து ஒரு வாரம் வளையத்தைத் திருப்பாமல் எடுத்துப் பாருங்கள். எது கைக்கு இசைகிறதோ அதையே வாங்குக. இந்தச் சோதனையைச் செய்யாமல் நாம் முதலில் 70-300 மி.மீ. லென்ஸ் ஒன்றை வாங்கினோம். பறவைகளை எடுக்கலாமென்று ஆசை. இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளுக்குப் பிறகு அது வெளியே வரவில்லை.

பழைய பொருளாக வாங்குவதில் இழிவு இல்லை. எச்சரிக்கை மட்டும் வேண்டும். லென்ஸின் பின்புறமிருந்து கைவிளக்கு அடித்து நோக்கினால் உள்ளே சிலந்திவலை போன்ற பூஞ்சணம் தெரியும்; தெரிந்தால் விட்டுவிடுக. குவிய வளையம் தடையின்றிச் சுழல்கிறதா, வாயிலின் இதழ்களில் எண்ணெய்ப்பசை உண்டா என்பதையும் பார்க்க வேண்டும். நைக்கான் டி-3500 போன்ற தொடக்கக் காமிராக்களின் உடலில் குவியத்திற்கான மோட்டார் இல்லை. 'ஏஎஃப் 50 மி.மீ. 1.8 டி' என்ற பழைய லென்ஸை அதில் மாட்டினால் கையாலேயே குவியம் செய்ய நேரும். விலை மலிவைக் கண்டு வாங்கியபின் இதை அறிந்து வருந்துவோர் உண்டு.

ஒரு லென்ஸ் போதுமா என்று ஐயுறுவோர்க்கு ஒரு சான்று கூறுவோம். பிரெஞ்சு நாட்டவரான ஹென்றி கார்த்தியே-பிரெசான் தம் படங்களிற் பெரும்பாலானவற்றை 50 மி.மீ. லென்ஸைக் கொண்டே எடுத்தார். 1948 ஜனவரி 30-ஆம் நாள், காந்தியடிகள் சுடப்படுவதற்குச் சற்று முன்பு அவரைச் சந்தித்தவர். இறுதி ஊர்வலத்தையும் படமெடுத்தவர். அவரும் ராபர்ட் காப்பா, ஜார்ஜ் ராட்ஜர், டேவிட் சீமூர் முதலிய நண்பர்களும் 1947-இல் நிறுவிய 'மாக்னம்' ஒரு கூட்டுறவு அமைப்பே என்பது நம் வாசகர்க்கு மகிழ்ச்சி தரும். அதன் உடைமையாளர் அதன் அங்கத்தினரான படப்பிடிப்பாளர்களே. எடுத்த படத்தின் உரிமை பத்திரிகையிடம் போகாமல் எடுத்தவரிடமே நிற்க வேண்டுமென்பது அவர்கள் கொள்கை.

அவ்வழியில் நாமும் ஒன்று செய்யலாம். ஒரே வகைக் காமிரா உடைய நால்வர் சேர்ந்து, எப்பொழுதோ ஒருமுறை வேண்டப்படும் நீண்ட லென்ஸ், முக்காலி முதலியவற்றைப் பொதுவில் வாங்கி, ஒரு நோட்டில் பதிந்து மாறிமாறிப் பயன்படுத்துக. தவணைக் கடனுக்கு இது மாற்று.

ஒளியைக் கையாளுதல்

ஒளிக்குக் காசு இல்லை. வடக்கு நோக்கிய ஜன்னல் அல்லது நேர்வெயில் புகாத வாசல் இருக்குமாயின் அதன் பக்கவாட்டில் ஆளை அமரச் செய்க. வெயில் நேரே விழுமாயின் நாலுமுழ வெள்ளை வேட்டியொன்றை ஜன்னலின் குறுக்கே கட்டுக. கடுவெயில் மென்மையான ஒளியாகிவிடும். முகத்தின் மறுபுறம் மிக இருண்டிருந்தால் அப்புறத்தில் ஒரு தெர்மக்கோல் பலகையை நிறுத்தினால் ஒளி திரும்பி விழும்.

குழல்விளக்கை அணைத்துவிடுவது நன்று. பகலொளியும் விளக்கொளியும் கலந்தால் நிறம் கெடும். நிறம் கெடுவது நெசவாளர்க்கு வேடிக்கையன்று. அரக்கு நிறச் சேலை படத்தில் சிவப்பாகத் தோன்றியதால் வாங்கியவர் திருப்பியனுப்பிய பார்சல்களை ஒரு சங்கத்தின் கணக்கில் நாமே கண்டிருக்கிறோம். ஒரே ஒளியில், சாம்பல் நிற அட்டையொன்றைச் சேலையின்மேல் வைத்து முதற்படம் எடுத்து, அதைக்கொண்டு காமிராவின் 'ஒயிட் பாலன்ஸை'ச் சரிசெய்து, பின் அட்டையை நீக்கி எடுக்க வேண்டும். ஜரிகையை முன்னிருந்து ஒளியடித்து எடுத்தால் வெறும் வெள்ளையாகும். பக்கவாட்டு ஒளியில்தான் அதன் புடைப்புத் தெரியும்.

நெருக்கமான நெசவைப் படமெடுக்கையில் சில வேளை துணியில் இல்லாத அலைக்கோடுகள் தோன்றும். இரு கொசுவலைகளை ஒன்றின்மேல் ஒன்று வைத்தால் அலைகள் தெரிவது போன்றதே இது. இழைகளின் வரிசையும் காமிராத் தகட்டின் புள்ளி வரிசையும் ஒன்றோடொன்று மோதுவதால் நேர்வது. துணியில் குறையென்று அஞ்ச வேண்டா. ஓர் அடி முன்னோ பின்னோ நகர்ந்து, அல்லது காமிராவைச் சற்றுச் சாய்த்து எடுத்தால் மறையும்.

படத்தை அமைத்தல்

குழித்தறியில் அமர்ந்திருப்பவரை நின்றபடி எடுத்தால் உச்சந்தலைதான் படத்தில் விழும். தரையில் அமர்ந்து அவர் கண் மட்டத்திற்கு வாருங்கள். அப்பொழுது பாவின் இழைகள் நம்மிடமிருந்து அவரை நோக்கி ஓடும். பார்ப்பவர் கண்ணும் அவ்வழியே சென்று முகத்தில் நிற்கும்.

படப்பரப்பை நெடுக்கிலும் கிடையிலும் மும்மூன்றாகப் பிரித்து, கோடுகள் சந்திக்குமிடத்தில் முக்கியமானதை வைப்பது பழைய முறை. ஜான் தாமஸ் ஸ்மித் என்ற ஆங்கிலேயர் 1797-இல் வெளியிட்ட நூலில் இதற்கு விதியென்று பெயரிட்டார். விதியைவிடப் பயனுள்ள பழக்கம் ஒன்றுண்டு: ஷட்டரை அழுத்துமுன் சட்டத்தின் நான்கு ஓரங்களையும் கண்ணால் ஒருமுறை சுற்றி வருதல். தலைக்குப் பின்னால் நிற்கும் கம்பம், மூலையில் தொங்கும் பிளாஸ்டிக் பை இவை அப்பொழுதுதான் தெரியும். ஓர் அடி நகர்ந்தால் அவை அகன்றுவிடும்.

முகத்தை எடுக்கையில் அருகிலுள்ள கண்ணில் குவியம் செய்க. எஃப் 1.8-இல் மூக்குத் தெளிந்து காது மங்கிவிடுமாதலால் எஃப் 2.8 ஏற்றது. ஒருவரை எடுக்கும்பொழுது மூன்று படங்கள் எடுத்துவைப்பது நலம்: தறியும் வீடும் தெரிய ஒன்று, முகம் மட்டும் ஒன்று, கைகள் மட்டும் ஒன்று.

விவசாய அன்பர்களும் இம்முறைகளையே வயலிற் கையாளலாம். இலைப்புள்ளி நோயை வேளாண்மை அலுவலர்க்குக் காட்டவேண்டின், லென்ஸுக்கும் காமிராவுக்கும் இடையில் மாட்டும் கண்ணாடியற்ற நீட்டு வளையம் போதும். விலை மிகச் சொற்பம். அளவு தெரிய ஒரு ரூபாய் நாணயத்தை அருகில் வைத்து எடுக்க வேண்டும்.

காமிராவைத் தோலுறையில் மூடி பீரோவில் வைக்கலாகாது. ஈரம் தங்கிப் பூஞ்சணம் பிடிக்கும். இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பையோடு வைத்தால் போதும். நல்ல படங்களை இரண்டு இடங்களில் சேமித்து, காகிதத்திலும் அச்சிட்டு வைக்க மறவாதீர்கள்.

முதலிற் கூறிய இளைஞரிடம் அன்று நாம் சொன்னவை இவையே. இரு மாதங்கள் கழித்து அவ்வூருக்கு மீண்டும் சென்றபொழுது அலுவலகச் சுவரில் ஒரு படம் தொங்கிற்று. காலமானவரின் மனைவியார் ஜன்னலோரம் ராட்டையில் தார் சுற்றிக்கொண்டிருக்கிறார். பின்னால் ஆளில்லாத தறி. பழைய லென்ஸாலேயே, தரையில் அமர்ந்து, வேட்டியைக் கட்டி எடுத்த படம். புதிய செலவு ஏதுமில்லை. 35 மி.மீ. லென்ஸுக்காக அவர் மாதந்தோறும் சிக்கனக் கணக்கில் பணம் போட்டு வருகிறார்.

அன்பர்களே, உங்கள் வீட்டிலும் தெருவிலும் உள்ள மூத்தவர்களை இவ்வாரமே தறியோடும் வயலோடும் எடுத்து வையுங்கள். லென்ஸ் பிறகு வரட்டும்.