காப்பீட்டு மேஜை – 9: முப்பத்தைந்து நிமிடம்

விபத்து நடந்ததும் போன் செய்பவர் எடுத்த எடுப்பில் லாரி எந்தப் பக்கம் வந்தது, யார் பிரேக் போடவில்லை என்று சொல்ல ஆரம்பித்துவிடுவார். கிளெய்ம் பிரிவுக்கு அந்தக் கதை அப்புறம்தான். "பாலிசி நம்பர் சொல்லுங்க சார். எத்தனை மணிக்கு நடந்துச்சு?" என்றுதான் முதலில் கேட்பார்கள். அடிபட்டு நிற்பவருக்கு எரிச்சல் வரத்தான் செய்யும்.

ஆனால் அந்த மணியில்தான் எல்லாம் இருக்கிறது. 1991 டிசம்பர் 10, பிற்பகல் 2.20க்கு ஒரு விபத்து. அதே நாள் 2.55க்கு அந்த வண்டிக்கு ஓரியண்டல் இன்சூரன்ஸில் கவர் நோட் (தற்காலிகக் காப்பீட்டுச் சான்று) வாங்கப்பட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. பாலிசியில் நேரம் குறிக்காவிட்டால் அந்தத் தேதி பிறந்த நள்ளிரவிலிருந்தே காப்பு உண்டு என்று 1990இல் ராம் தயாள் வழக்கில் அதே நீதிமன்றம் சொல்லியிருந்தது. இங்கேயோ நேரம் எழுதப்பட்டிருந்தது. ஆகவே 2.55க்கு முன்னால் காப்பு இல்லை. இழப்பீடு வண்டி உரிமையாளர் தலையில் விழுந்தது. ஒரு மணிக்குறிப்பு கம்பெனியைக் காப்பாற்றிவிட்டது.

நேரம் சரியாக இருந்தாலும் அடுத்த கேள்வி, பணம் வந்ததா? 1938ஆம் ஆண்டு காப்பீட்டுச் சட்டத்தின் 64 வி.பி. பிரிவுப்படி, பிரீமியம் கைக்கு வராமல் கம்பெனி பொறுப்பேற்கக் கூடாது. செக்கைத் தபாலில் அனுப்பினால் மட்டும், தபாலில் சேர்த்த நாளே கணக்கு. செக் திரும்பிவிட்டால்? சொந்த வண்டிச் சேதத்துக்குக் கை விரித்துவிடலாம். அடிபட்ட மூன்றாம் நபரிடம் அப்படிச் சொல்ல முடியாது. பாலிசியை ரத்து செய்த கடிதம் விபத்துக்கு முன்பே உரிமையாளர் கைக்குப் போயிருக்க வேண்டும், இல்லையென்றால் கம்பெனி இழப்பீடு கொடுத்தாக வேண்டும் என்பது 2012 தீர்ப்பு. இது நியாயம்தான் என்பேன். தெருவில் நடந்து போகிறவர் வண்டிக்காரரின் பேங்க் பேலன்ஸைப் பார்த்துவிட்டா ரோட்டைக் கடக்கிறார்?

போனிலேயே கிளெய்ம் நம்பர் கொடுத்துவிட்டார்கள், சர்வேயரும் வந்து பார்த்துவிட்டார், இனிப் பணம் வந்த மாதிரிதான் என்று பலர் நினைக்கிறார்கள். கிடையாது. அது பதிவு எண், அவ்வளவுதான். பாலிசி, எஞ்சின் நம்பர், சேசிஸ் நம்பர், லைசென்ஸ் எல்லாவற்றையும் சரிபார்ப்பது தனியாக நடந்துகொண்டே இருக்கும்.

இன்னொரு குழப்பம் அந்த 90 நாள். பாலிசி முடிந்து 90 நாளுக்குள் புதுப்பித்தால் நோ கிளெய்ம் போனஸ் போகாது. போனஸுக்கு மட்டும்தான் அந்தச் சலுகை. இடைப்பட்ட நாளில் இடித்தால் காப்பு இல்லை. விட்டுப்போன பாலிசியைப் புதுப்பிக்கும்போது வண்டியை நாலாபுறமும் படம் எடுப்பது இதற்காகத்தான். பிறகு கிளெய்ம் என்று வந்தால் அந்தப் படங்களைத்தான் முதலில் திறப்பார்கள், முன்பக்க பம்பரில் உள்ள நசுங்கல் அன்றைக்கே இருந்ததா என்று பார்க்க.